கூட்டு ஆய்வுத் தரவுத்தளம்: உங்களுக்கு இன்னும் ஆறாத ஒரு சம்பவம்

விளவங்கோட்டுக்காரன்:
தென்னை வேர்வாடல் நோய் ஆய்வுத் திட்டம். நாங்கள், ஒரு கல்லூரி, கேரள எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு நிறுவனம், எல்லோருக்கும் ஒரே தளம். மரத்தில் பெயிண்டால் எழுதிய எண்தான் தளத்திலும். ஓலைத் தொய்வு, மஞ்சளாதல், கருகல், அப்புறம் காய்க்கணக்கு. ஒரு தேங்காய் வெட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை, கட்டம் காலியாக நின்றது. அந்தப்பக்கம் அதைப் பூஜ்யமாக எடுத்து, 'பட்டுப்போன மரம்' என்று குறித்து நீக்கிவிட்டார்கள். திருவட்டாறு பக்கம் தோப்புக்காரர் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு மரத்தைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "எனக்க மரம் இன்னா நிக்குல்லா, பட்டுப்போச்சுன்னு யாரு எழுதுனது?" வேர்வாடல் மரத்தைச் சட்டென்று கொல்லாது, காய் குறைந்துகொண்டே வருடக்கணக்கில் நிற்கும். அது தெரிந்தவர்களே அப்படி எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குளச்சல் கரை:
எங்களுடையது மீன்வரத்து. 2017 ஜனவரி 12-ஆம் தேதி மீனை 12/01/2017 என்று ஏற்றியிருந்தோம். தளம் மாதத்தை முதலில் வாசிக்கும். கூட்டத்தில் திரையில் வரைபடம் விரிந்தது: டிசம்பர் 1, நல்ல வரத்து. நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்த மறுநாள்! கடலுக்குப் போனவர்களைக் காணாமல் கரையே கதறிய நாள் அது. வெளியூர்க்காரர்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. நான் எழுந்து நின்று சொல்லவேண்டி வந்தது.

பால்வெட்டு:
விளவங்கோட்டு அண்ணே, அந்தப்பக்கத்தை மட்டும் குறை சொல்வது சரியில்லை. காலிக் கட்டம் என்றால் என்ன என்று படிவமே சொல்லியிருக்க வேண்டும். குலசேகரத்தில் எங்கள் ரப்பர் திட்டத்திலும் இதே கதைதான். மழையில் பால்வெட்டாத நாளெல்லாம் விளைச்சல் இல்லாத நாளாகிப்போனது. எல்லோரும் இதைச் செய்யுங்கள். 'எண்ணவில்லை', 'எண்ணினோம், பூஜ்யம்', 'மரம் இல்லை' மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு வையுங்கள். தேதியை வருடம்-மாதம்-நாள் என்றே எழுதுங்கள், 2017-01-12 என்பதை யாரும் மாற்றி வாசிக்க முடியாது. யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவு இல்லாத தளத்தில் சேரவே சேராதீர்கள். 2004-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரெட்கேப் (REDCap) என்ற ஆய்வுத் தரவு மென்பொருளில் இந்தப் பதிவு உண்டு. ஒரு நிறுவனத்தின் பதிவுகளை இன்னொரு நிறுவனம் தொடாதபடி குழு பிரிக்கலாம், முடிந்த பதிவைப் பூட்டலாம். கூட்டுத் திட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான், கணினி வாங்கும் பணத்தை அல்ல.

விளவங்கோட்டுக்காரன்:
படிவம் சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மரத்தை நீக்கும் முன் ஒரு போன் போடலாமே தம்பி?

மட்டிவாழை:
நான் ஆராய்ச்சி மாணவி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டி வாழையில்தான் வேலை. எங்கள் தளத்தில் தேதி தாண்டினால் பெயருக்கு நேரே சிவப்பு விழும். காற்றில் கன்றுகள் சாய்ந்து மறுபடி நட்டோம்; காரணம் எழுத அங்கே இடமே இல்லை. மற்ற நிறுவனத்தார் எல்லோரும் இருந்த கூட்டத்தில் அந்தச் சிவப்பைக் காட்டி "வேலை நடக்கலியா?" என்றார்கள். குலை தள்ளாத வாழைக்கு நான் என்ன எடை எழுத? பால்வெட்டு அண்ணே, காரணக் கட்டம் ஒன்று சேர்க்கச் சொல்லி யாருக்கு எழுத வேண்டும்? எங்கள் வழிகாட்டிக்கும் தெரியவில்லை.