மூடிக்கிடந்த வீட்டின் நாற்றம்: சாம்பிராணி போதுமா, குழாயைப் பார்க்க வேண்டுமா?

நிலைவாசல்:
வேளச்சேரியில் தரைத்தளத்தில் உள்ள எங்கள் வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு, கோடையில் இரண்டரை மாதம் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் பின்பக்கப் படுக்கையறையிலிருந்து அழுகிய முட்டை போன்ற நாற்றம் முகத்தில் அடித்தது. ஒன்பது நாட்களாக மாலைதோறும் சாம்பிராணி போடுகிறேன். இரவில் அடங்குகிறது, விடிந்ததும் பழையபடி எழுகிறது. எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் அடிக்கடி கருவாடு சமைத்தார்களாம். அது சுவரில் ஊறியிருக்கும், வெள்ளையடித்தால்தான் போகும் என்கிறார் பக்கத்து வீட்டம்மா. நாங்கள் குடிவந்து ஓராண்டாகிறது. இந்தச் செலவில் இறங்கலாமா?

தூபக்கால்:
தாராளமாக இறங்கலாம், அம்மா. சுண்ணாம்பு பூசிய சுவரில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது என்பது நம் முன்னோர் அறிந்த செய்தி. சாம்பிராணியையும் குறை சொல்லாதீர்கள். கடையில் விற்கும் கப் சாம்பிராணியை ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தூபக்காலில் கரி நெருப்பைக் கனியவிட்டு, கட்டிச் சாம்பிராணியைப் பொடித்துத் தூவி, கதவு சன்னல்களை அரைமணி நேரம் அடைத்து வைத்தால், மூலை முடுக்கெல்லாம் புகை சென்று சேரும்.

கொத்துக்கரண்டி:
சாம்பிராணி ஒரு மணத்தின் மேல் இன்னொரு மணத்தைப் போர்த்துகிறதே தவிர, நாற்றம் பிறக்கும் இடத்தைத் தொடுவதில்லை. அழுகிய முட்டை நாற்றம் என்று நீங்கள் எழுதியதே பாதி விடை. அது கழிவுநீரில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் அடையாளம். குளியலறைத் தரையில் நீர் வடியும் துளைக்குக் கீழே உள்ள நானி டிராப் என்னும் கிண்ணம் போன்ற அமைப்பில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்று, சாக்கடைக் காற்று மேலே வராதபடி அடைத்துக்கொண்டிருக்கும். ஆள் புழங்காத வீட்டில் அந்தத் தண்ணீர் சில வாரங்களில் ஆவியாகிவிட, வழி திறந்துவிடும். இரவு முழுவதும் சன்னலை மூடி வைப்பதால் காற்று அறைக்குள்ளேயே தேங்கி, காலையில் நாற்றம் மிகுதியாகத் தெரிகிறது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். செலவு அவ்வளவுதான்.

தூபக்கால்:
ஐயா, கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் திரும்பி வந்து ஒன்பது நாட்களாகின்றன. குளிக்காமலா இருப்பார்கள்? முதல் நாள் குளித்தபோதே உங்கள் டிராப் நிரம்பியிருக்க வேண்டும். மேலும் அவர் சொல்வது படுக்கையறை, குளியலறை அன்று.

கொத்துக்கரண்டி:
நியாயமான கேள்வி, இதை நானே முன்பு எழுதியிருக்க வேண்டும். எந்தக் குளியலறையில் குளிக்கிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். பின்பக்க அறையை ஒட்டிய குளியலறை புழக்கத்தில் இல்லாவிட்டால், அதன் டிராப் இன்னமும் காய்ந்தே கிடக்கும். அந்த அறையில் ஏசி இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏசியிலிருந்து வடியும் நீருக்கான மெல்லிய குழாயை, வேலையை எளிதாக முடிக்க நினைப்பவர்கள் கழிவுநீர்க் குழாயில் நேராகச் சொருகிவிடுவதுண்டு. இடையில் நீரடைப்பு இல்லாததால் சாக்கடைக் காற்று அதன் வழியே அறைக்குள் வந்துவிடும். சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியை, சன்னல்களைத் திறக்காமல் ஓட்டினால், வெளியேறும் காற்றுக்கு ஈடாகச் சாக்கடைக் காற்று இன்னும் மிகுதியாக உள்ளே இழுக்கப்படும்.

நெய்தல்நிலத்தான்:
கருவாட்டின் மீது சுமத்திய பழியைப் பற்றி ஒரு சொல். கடல் மீனின் வாடைக்குக் காரணமான டிரைமெத்திலமைன் எளிதில் ஆவியாகக்கூடிய ஒரு காரப்பொருள். புளியோ எலுமிச்சையோ பட்டால் அது உப்பாக மாறி, காற்றில் எழும் தன்மையை இழக்கிறது. மீன் கழுவிய பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தின் பொருள் இதுதான். எண்ணெய்ப் பிசுக்கிலும் திரைத்துணியிலும் சில நாட்கள் தங்கலாம். ஓராண்டு முழுவதும் ஒளிந்திருந்து, வீடு பூட்டியிருந்த மாதங்களில் மட்டும் அழுகிய முட்டையாக வேடம் மாறி வராது. பக்கத்து வீட்டம்மாவுக்கு மூக்கைக் காட்டிலும் முன்முடிவு கூர்மையாக இருக்கிறது என்றே தோன்றுகிறது.

தூபக்கால்:
கருவாட்டை நான் பழிக்கவில்லை; எங்கள் வீட்டிலும் உண்டு. துணி அலமாரிக்கும் மழைக்கால ஈர வாடைக்கும் சாம்பிராணி நல்லது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கொத்துக்கரண்டி:
ஈரம் காயாமல் புகை போட்டால் அந்த வாடையும் திரும்பத்தான் செய்யும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் கதவை அடைத்துக் கரிப்புகை போடும் யோசனையையும் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

நிலைவாசல்:
அனைவருக்கும் நன்றி. பின்பக்கக் குளியலறையைப் பழைய சாமான்கள் போட்டு வைக்கவே பயன்படுத்துகிறோம். நேற்று மாலை அட்டைப்பெட்டிகளை நகர்த்திப் பார்த்தபோது டிராப் சொட்டு நீரின்றிக் காய்ந்திருந்தது. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, மீண்டும் ஆவியாகாதிருக்க மேலே இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயும் விட்டேன். சாம்பிராணி போடவில்லை. இன்று காலையில் நாற்றம் பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனால் ஏசிக்குக் கீழே நின்றால் இலேசாகத் தெரிகிறது. பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிடையும் சேர்த்து ஊற்றச் சொல்கிறார் கணவர், செய்யலாமா?

கொத்துக்கரண்டி:
வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஏசிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பிளம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். கழிவுநீர்க் குழாய்க்குள் சொருகியிருந்தால், வெளியே எடுத்து டிராப்பின் சல்லடைக்கு மேலே நீர் சொட்டும்படி விட்டால் போதும்.

நிலைவாசல்:
பிளம்பர் சனிக்கிழமை வருகிறார். வெள்ளையடிப்பவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.