வார்டில் போனை எடுத்து மருந்துக் கணக்குப் போட்டால் தப்பா?

கேள்வி: நைட்டியூட்டி_செவிலி

தனியார் மருத்துவமனை ஒன்றில் நாலு வருடமாக ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். போன வாரம் இரவு, பிரஷர் இறங்கிக்கொண்டே போன ஒரு பெரியவருக்கு நோரட் (நோர்அட்ரினலின், பிரஷரை ஏற்றும் மருந்து) ஆரம்பிக்கச் சொன்னார் டியூட்டி டாக்டர். எடை 60 கிலோ, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம். 4 மி.கி. மருந்தை 50 மி.லி. சிரிஞ்சில் ஏற்றியாயிற்று, மணிக்கு 4.5 மி.லி. என்று மனக்கணக்கிலும் வந்துவிட்டது, ஆனாலும் உயிர் விஷயமாயிற்றே என்று போனில் இருக்கும் ஆப்பில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அரை நிமிடம்தான் இருக்கும். கண்ணாடிக்கு வெளியே நின்ற மகன், "எங்க அப்பா உயிருக்குப் போராடுறார், நீங்க வாட்ஸ்அப் பார்க்கறீங்களா?" என்று கத்திவிட்டார். கை நடுங்கிவிட்டது.

மறுநாள் இன்சார்ஜ் சிஸ்டர், இனி எல்லோரும் போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே வாருங்கள் என்று சொல்லிவிட்டார். உங்கள் மருத்துவமனைகளில் எப்படி?

பதில்: சீனியர்_சிஸ்டர்

தப்பே இல்லை, தங்கச்சி. ஆனால் ஆப்பை நான் முழுசாக நம்பமாட்டேன். நீங்கள் சொன்ன அதே டோஸ், அதே எடை. ஆப்பில் 4 மி.கி. மருந்தை 250 மி.லி.யில் கலந்ததாக ஏற்கெனவே போட்டு வைத்திருந்தால் விடை மணிக்கு 22.5 மி.லி. என்று வரும். உங்கள் சிரிஞ்ச் 50 மி.லி. அந்த 22.5-ஐ அப்படியே மருந்தைச் செலுத்தும் பம்பில் போட்டால் ஐந்து மடங்கு மருந்து உள்ளே போகும். ஆப் சொன்ன கணக்கில் பிழையே இருக்காது, கலவைதான் வேறு. அதனால் முதலில் டோஸைப் பார்க்காதீர்கள், கலவை எந்த அளவில் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஆம்பூல் லேபிளையும் படியுங்கள். பைடார்ட்ரேட் (அந்த மருந்தின் உப்பு வடிவம்) 2 மி.கி. என்றால் அதில் நோர்அட்ரினலின் சுமார் 1 மி.கி.தான். லேபிளில் எது எழுதியிருக்கிறது என்று ஆப்புக்குத் தெரியாது. எங்கள் வார்டில் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் பார்க்காமல் தனியாகப் போடவேண்டும், இரண்டும் ஒத்து வந்தால்தான் பம்ப் ஓடும். குழந்தைகள் வார்டிலும் இதே கதைதான்: 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. பாராசிட்டமால் என்றால், 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் 6 மி.லி., 250 மி.கி. உள்ளதில் 3 மி.லி.

பதில்: ஹவுஸ்சர்ஜன்

எனக்கு கேமராவைப் பற்றித்தான் கவலை. நெஞ்சுவலி கேஸ் வந்தால் ஈசிஜியைப் படம் எடுத்து கார்டியாலஜி டாக்டருக்கு அனுப்புவது இன்று எல்லா இடத்திலும் நடக்கிறது, அது உயிரையும் காப்பாற்றுகிறது, அதை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். ஆனால் போன மாதம் வீட்டில் தங்கையின் போனைப் பார்த்தபோது, நான் பகிர்ந்திருந்த குடும்ப ஆல்பத்தில் பெயர், ஐபி (உள்நோயாளி) நம்பரோடு ஒரு நோயாளியின் ஈசிஜி கிடந்தது. போன் தானாகவே மேலே ஏற்றியிருக்கிறது. அன்று இரவு தூங்கவில்லை. இப்போது தாளின் மேல் ஓரத்தை மடித்துவிட்டுத்தான் எடுக்கிறேன், அனுப்பியதும் அழித்துவிடுகிறேன், தானியங்கி பேக்கப்பையும் நிறுத்திவிட்டேன். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது, அதற்கு முன்பும் இது நோயாளியின் ரகசியம்தானே.

பதில்: கிராமத்து_நர்ஸ்

எங்களுக்குப் போன் இல்லாமல் வேலையே ஓடாது. கர்ப்பிணி என்று தெரிந்த நாளிலிருந்து பிக்மியில் (கர்ப்பிணிகளுக்கான அரசு இணையப் பதிவு) பதிவு, அந்த நம்பர் இல்லாவிட்டால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அலையவேண்டும். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து டைப் அடித்துக்கொண்டே கேட்டால், அந்தப் பொண்ணு "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா" என்று முடித்துவிடுவாள். நோட்டில் எழுதிக்கொண்டு முகத்தைப் பார்த்துக் கேட்டபோதுதான் ஒருத்தி, மூன்று நாளாகத் தலைவலி, கண் மங்கலாத் தெரியுது என்றாள். பிரஷர் 150/100. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதனால் எங்கள் ஊரில் நோட்டு முதலில், போன் அப்புறம். சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்துதான் ஏற்றுகிறேன்.

பதில்: ஒரு_அட்டெண்டர்

அந்த மகன் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அம்மா ஐசியூவில் இருந்த ஆறு நாளும் கண்ணாடி வழியே தெரிவது மட்டும்தான் எங்களுக்குத் தகவல். கையில் போன் தெரிந்தால் வயிறு எரியும், ஏன் என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள். நாலாவது நாள் ஒரு சிஸ்டர் வெளியே வந்து, "அம்மாவுக்கு மருந்துக் கணக்கு இதிலதான் பார்க்கிறேன், பாருங்க" என்று திரையைக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அதற்கப்புறம் அவரை நான் சந்தேகப்படவே இல்லை.

நைட்டியூட்டி_செவிலி

எல்லோருக்கும் நன்றி. இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசினேன், சொந்தப் போன் வேண்டாம், வார்டுக்கென்று ஒரு டேப் கேட்டு எழுதிக் கொடு என்றார், கொடுத்திருக்கிறேன். அதுவரைக்கும் நோரட் சார்ட் ஒன்றை பம்ப் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிறோம், "4 மி.கி. / 50 மி.லி.க்கு மட்டும்" என்று மேலே சிவப்பு மையில் எழுதி. அந்தப் பெரியவருக்கு நேற்று நோரட் நிறுத்தியாயிற்று. மகனிடம் நானே போய்ப் பேசினேன்.