காப்பிஹோல்ட் நிலம் யாருக்குப் போகும்? தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் பழைய மேனர்களில் (பிரபுக்களின் பண்ணைகளில்) குடியானவர்கள் வைத்திருந்த காப்பிஹோல்ட் நிலங்களின் வாரிசுமுறை பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

அந்தக் காலத்தில் குடியானவர் இறந்தால் வாரிசு மேனர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பிரபுவின் காரியஸ்தர் நீட்டும் கோலின் நுனியைப் பிடித்து நிலத்தை ஏற்று, நுழைவுக் கட்டணம் கட்டுவார். அந்த நீதிமன்றப் பதிவேட்டின் நகல், அதாவது காப்பிதான் அவருக்குப் பத்திரம். காப்பிஹோல்ட் என்ற பெயரே அதனால் வந்தது. பல மேனர்களில் இறந்தவர் தொழுவத்தின் சிறந்த மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். சாவு வீட்டில் அதுவும் நடந்திருக்கிறது என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

தென் இங்கிலாந்தின் சசெக்ஸில் பல மேனர்களில் மூத்தவனுக்கு இல்லை, கடைக்குட்டி மகனுக்கே நிலம். சாமர்செட்டின் டான்டன் டீன் மேனரிலோ மனைவிக்கு. இதெல்லாம் 1926-இல் முடிந்தது.

என் கேள்வி இதுதான்: மகனே இல்லாத வீட்டில், சசெக்ஸ் வழக்கப்படி நிலம் கடைசி மகளுக்கா, எல்லா மகள்களுக்கும் சமமாகவா? மேனருக்கு மேனர் வழக்கம் மாறியது. அதனால் பதிவேட்டை நேரில் பார்த்தவர்கள் எந்த மேனர், எந்த ஆண்டு என்று சேர்த்துச் சொல்லுங்கள். 1733-க்கு முந்தைய பதிவேடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் கைகொடுங்கள்.