புதுப்பிப்பு: 'போரும் வாழ்வும்' ப்ளூ-ரே வந்துவிட்டது

டால்ஸ்டாய் நாவலை வைத்து பொந்தார்ச்சுக் இயக்கிய சோவியத் 'போரும் வாழ்வும்' படத்துக்கு நல்ல டிஸ்க் எப்போதாவது வருமா என்று முன்பு இங்கே புலம்பியிருந்தேன். வந்துவிட்டது. 2019 ஜூன் 25-ல், பழைய படங்களை டிஸ்க்கில் கொண்டுவரும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் வெளியிட்டது. மாஸ்கோவின் மோஸ்பிலிம் ஸ்டூடியோ மீட்டெடுத்த பிரதி. நான்கு பாகங்களும் சேர்த்து ஏழு மணி நேரம்.

1968-ல் அமெரிக்காவில் ஓடியது வெட்டிக் குறைத்து ஆங்கிலக் குரல் கொடுத்த பிரதி. இதில் முழு நீளமும் ரஷ்ய ஒலியோடு கிடைக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

பலரும் காத்திருந்தது நெப்போலியன் படையோடு ரஷ்யர்கள் மோதும் பொரோதினோ போர்க் காட்சிக்காக. நியாயம்தான், நிஜ ராணுவ வீரர்களையே ஆயிரக்கணக்கில் நிறுத்தி எடுத்தது. என் ஆசை கதாநாயகி நடாஷாவின் முதல் நடனக் காட்சி மேல். ஒளிப்பதிவாளர் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு ஜோடிகளுக்கு நடுவே சறுக்கிப் போய் எடுத்தார். பழைய மங்கல் பிரதியிலேயே தலை சுற்றும்!

அப்புறம், வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். ப்ளூ-ரே டிஸ்க்குகளை உலகின் ஏ, பி, சி என்ற மூன்று மண்டலங்களுக்குத் தனித்தனியாகப் பூட்டி விற்பதுண்டு; இந்த டிஸ்க் 'ஏ' மண்டலத்துக்கானது. இந்தியாவில் விற்கும் பிளேயர்கள் 'சி'. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இல்லையென்றால் டிஸ்க் அலமாரியில்தான் இருக்கும். சிங்கப்பூர், மலேசியா நண்பர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் 'ஏ'தான்.

விலை அதிகம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி தனி. நான் தள்ளுபடிக்குக் காத்திருக்கப் போவதில்லை. பொறுமை உள்ளவர்கள் காத்திருக்கலாம்.