கலைச்சொல் உதவி: உணவகம் வெளியே போடும் மேசையும் வண்டி நிறுத்தமும் (வெள்ளிக்குள் தேவை)

க. எழுதியது, திங்கள் காலை:

குழுவினருக்கு வணக்கம். ஒரு மாநகராட்சி தன் ஊர் உணவகங்களுக்காக வெளியிடும் விதிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பதினான்கு பக்கம். வெள்ளி மாலைக்குள் கோப்பு போய்ச் சேர வேண்டும். உணவகம் தன் சுவருக்கு வெளியே மேசை போட்டால் அதன் வாகன நிறுத்தக் கணக்கு எப்படி மாறும் என்பதுதான் பொருள்.

எனக்கு முன் இதைத் தொட்டவர் நடைபாதையில் மேசை போடுவதை 'நடைபாதை உணவகம்' என்றும், திறந்தவெளியில் பரிமாறுவதை 'வெளிப்புற உணவு' என்றும் எழுதியிருக்கிறார். கடையின் சொந்த மனையில் வண்டி நிறுத்துவது அவருக்குத் 'தெருவுக்கு அப்பாற்பட்ட நிறுத்தம்'. சாலையோரத்தில் வண்டி நிற்கும் இடத்தில் மேடை கட்டி இருக்கை போடுகிறார்களே, அந்தப் பார்க்லெட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். எதுவும் எனக்கு ஒட்டவில்லை. உதவுங்கள்.

ந. எழுதியது, திங்கள் மதியம்:

அம்மா, 'நடைபாதை உணவகம்' கூடவே கூடாது. படிப்பவர் மனத்தில் தள்ளுவண்டியும் அடுப்பும்தான் எழும். உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரித்தால் 'நடைபாதையில் உள்ள உணவகம்'. இங்கே உணவகம் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது, மேசைதான் வெளியே வந்திருக்கிறது. தெருவணிகர் உரிமம் வேறு, இந்த அனுமதி வேறு. 'வெளிப்புற உணவு'ம் அப்படித்தான். 'வெளி உணவுக்கு அனுமதி இல்லை' என்ற பலகைகளைப் பார்த்துப் பழகிய கண், 'வெளிப்புற உணவுக்கு அனுமதி உண்டு' என்று கண்டால் கையோடு பொட்டலம் கொண்டுவரும்.

'தெருவுக்கு அப்பாற்பட்ட நிறுத்தம்' ஏதோ யோக நிலை போல் இருக்கிறது. ஆனால் சிரித்துவிட்டுப் போகிற இடம் அல்ல இது. நான் கட்டட வரைபட அனுமதித் துறையில் பல ஆண்டுகள் கழித்தவன். இந்த விதிகளின் உயிர்நாடியே இரண்டு நிறுத்தங்களும் வேறு வேறு என்பதுதான். மனைக்குள் நிறுத்துமிடம் விடுவது கடைக்காரரின் கடமை. இத்தனை இருக்கைக்கு, அல்லது இத்தனை சதுர மீட்டருக்கு, இத்தனை வண்டி என்று விதி சொல்லும். தெருவோர இடம் ஊருக்குச் சொந்தம். கடைக்காரர் அதை இரவல்தான் வாங்குகிறார்.

கணக்கைப் பாருங்கள். நான்கு இருக்கைக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். உண்பவர் ஒருவருக்கு ஏறத்தாழ ஒன்றரை சதுர மீட்டர் போதும், நால்வருக்கு ஆறு. ஒரு வண்டிக்கோ, திரும்பும் வழியையும் சேர்த்தால், இருபத்தைந்துக்கு மேல் போகும். இப்போது அவர் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில் மேசை போடுகிறார். இருக்கை கூடிவிட்டது, ஆகவே நிறுத்துமிடமும் கூட வேண்டும். நிறுத்துமிடத்தில்தான் மேசை நிற்கிறது! இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் கலிஃபோர்னியாவில் 2021இல் ஒரு சட்டம் வந்தது. திறந்தவெளி விரிவாக்கத்துக்கு எத்தனை நிறுத்துமிடம் தேவைப்படுகிறதோ அத்தனையைக் கட்டாயக் கணக்கிலிருந்து உள்ளாட்சிகள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றது. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இலேயே ஊர் முழுவதற்கும் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆகவே சொல் எதுவாக இருந்தாலும், நிலம் யாருடையது என்பது அதில் தெரிய வேண்டும். 'மனை நிறுத்துமிடம்', 'தெருவோர நிறுத்துமிடம்' என்பது என் கருத்து.

பு. எழுதியது, திங்கள் இரவு:

அன்பர் ந. அவர்களின் கணக்கு எனக்கு எட்டவில்லை. ஆனால் 'நிலம் யாருடையது' என்ற கேள்விக்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பழமையான விடை இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? முன்றில்! வீட்டின் முன் உள்ள சொந்த வெளி. இல்முன் என்பது முன்பின்னாக மாறி முன்றில் ஆனது. முன் என்பதோடு இல் சேரும்போது இடையே றகரம் ஒற்றும் என்று தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் இதற்கென்றே தனி நூற்பா வைத்திருக்கிறார். ஒரு முற்றத்துக்காகத் தனி விதி செய்த மொழியில் 'வெளிப்புறம்' என்று வறட்டுச் சொல் எதற்கு? 'உண்முன்றில்' என்று வையுங்கள்.

'நடைபாதை'யும் எனக்கு உறுத்தல்தான். வழி, நெறி, ஆறு, அதர் என்று இத்தனை இருக்கப் பாதையில் ஏன் நடக்க வேண்டும்? 'நடையதர்' என்று சொல்லிப் பார்க்கலாம்.

வே. எழுதியது, திங்கள் நள்ளிரவு:

ஐயா, நடையதர் என்றால் கடைக்காரர் தரை அதிர்கிறது என்று மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். இன்னொரு ஐயம். முன்பக்கம் போட்டால் முன்றில். கொல்லைப்புறம் போட்டால் பின்றிலா? மொட்டைமாடியில் போட்டால் மேன்றிலா?

பு. எழுதியது, செவ்வாய் காலை:

கேலி செய்வது எளிது. சொல் படைப்பதுதான் அரிது.

இ. எழுதியது, செவ்வாய் காலை:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இலங்கையில் வாகனத் தரிப்பிடம் என்றுதான் எழுதுவோம். பலகைகளிலும் அரசாங்கப் படிவங்களிலும் அதுதான் இருக்கிறது. நிறுத்துபவர் யார் என்று கேட்காமல் வண்டியே தரித்து நிற்பதாகச் சொல்லும் அழகு அதற்கு உண்டு. கையேட்டைப் படிக்கப்போகும் கடைக்காரர்களில் எங்கள் ஆட்களும் இருப்பார்கள் அல்லவா?

பு. எழுதியது, செவ்வாய் மதியம்:

தரித்தல் வடமொழித் தாதுவின் வழி வந்தது என்று அகராதி காட்டும். கருத்தரித்தல், வேடந்தரித்தல் என்று பொருளும் பல. வண்டி எதைத் தரிக்கிறது?

இ. எழுதியது, செவ்வாய் மாலை:

அப்படியானால் உங்கள் 'நிறுத்த'த்தையும் பார்ப்போம், ஐயா. வேலைநிறுத்தம் என்பதும் நிறுத்தம்தான். வாகன நிறுத்தம் என்றால் வண்டிகள் எல்லாம் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்கின்றன என்று நாங்கள் படித்ததில்லை. வடசொல்லை எப்படி எடுத்தாள்வது என்று சொன்னவரும் தொல்காப்பியர்தானே? வடவெழுத்தை நீக்கி எடுத்துக்கொள் என்றார். 'தரி'யில் எந்த வடவெழுத்து இருக்கிறது? வடமொழி ஆகாது என்றால் 'வாகன'த்தை மட்டும் யார் உள்ளே விட்டது?

பு. எழுதியது, செவ்வாய் இரவு:

இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்ற அந்த நால்வகைச் சொல் பாகுபாடு செய்யுளுக்குச் சொன்னது. மாநகராட்சிக்கு அல்ல. வாகனத்தை நான் விடவில்லை. 'ஊர்தி' என்றே எழுதுபவன் நான்.

ந. எழுதியது, புதன் காலை:

செய்யுளுக்கே இடம் கொடுத்த இலக்கணம் சாலையோரத்துக்குக் கொடுக்காதா? சரி, அதை விடுவோம். 'நிறுத்திடம்' என்று ஒருவர் தனிமடலில் சுருக்கித் தந்தார். எனக்குப் பிடித்திருக்கிறது. வினைத்தொகையாகக் கொள்ளலாம். நிறுத்திய இடம், நிறுத்துகிற இடம், நிறுத்தும் இடம் என்று மூன்று காலமும் கரந்து நிற்கும். நியூயார்க்கில் 2023இல் இயற்றிய சட்டப்படி வண்டித்தடத்தில் மேசை போட ஏப்ரல் 1 முதல் நவம்பர் 29 வரைதான் அனுமதி. நடைபாதை மேசைக்கு ஆண்டு முழுதும் உண்டு. ஆகவே அந்தத் தெருவோர இடம் கோடையில் வண்டி 'நிறுத்திய' இடம், குளிரில் வண்டி 'நிறுத்தும்' இடம். இவ்வளவையும் ஒரே சொல் விழுங்கிக்கொண்டு நிற்கும்.

வே. எழுதியது, புதன் காலை:

அழகான விளக்கம். ஆனால் வண்டியோட்டி அதை 'நிறுத்திடும்' என்றுதான் படிப்பார், பிரேக் போடுவார்.

க. எழுதியது, புதன் மதியம்:

மன்றாடிக் கேட்கிறேன், பார்க்லெட்டுக்கு வாருங்கள். ஒன்பதாம் பக்கம் முழுவதும் அதுதான்.

பு. எழுதியது, புதன் மாலை:

'குறுங்கா'. கா என்றால் சோலை. பூங்காவில் உள்ள அதே கா. அயல்மொழி 'லெட்' என்று பின்னொட்டுப் போட்டுச் சிறிதாக்குவதை நாம் குறு, சிறு என்று முன்னால் வைத்துச் சிறிதாக்குவோம்.

ந. எழுதியது, புதன் இரவு:

இதற்கு நான் எழுந்து நின்று கைதட்டுகிறேன், ஐயா. மூலச்சொல்லின் சிலேடையே அதுதான். 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் ரீபார் என்ற வடிவமைப்புக் குழுவினர் நிறுத்தக் கட்டண மீட்டரில் காசு போட்டு, வண்டிக்குப் பதில் புல்தரையும் ஒரு மரமும் ஒரு பெஞ்சும் வைத்து, இரண்டு மணி நேரம் அந்த இடத்தைச் சோலையாக்கினார்கள். பார்க் என்றால் பூங்கா, பார்க் என்றால் வண்டியை நிறுத்து. இரண்டும் அந்த ஒரு செயலில் கூடின. 2010இல் அந்த நகராட்சியே முதல் பார்க்லெட்டுகளுக்கு அனுமதி தந்தது. ஆனால் இந்தக் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் புல்லும் இல்லை, மரமும் இல்லை. மேசை இருக்கிறது, வண்டி மோதாதபடி தடுப்பு இருக்கிறது. குறுங்கா என்று படித்துவிட்டுக் கடைக்காரர் செடி வாங்கப் போவார்.

வே. எழுதியது, புதன் இரவு:

இம்முறை கேலி இல்லை. 'தெருத்திண்ணை'. தெருவைப் பார்த்து உட்காரும் மேடைக்குத் தமிழரிடம் வேறு பெயர் உண்டா? சொன்ன கணத்தில் எல்லாருக்கும் புரியும். தூய்மைவாதியும் பேச மாட்டார்.

ந. எழுதியது, வியாழன் அதிகாலை:

எனக்கே ஆசைதான். ஆனால் திண்ணையில் வழிப்போக்கரும் உட்காரலாம். அந்த 2010 பார்க்லெட்டுகளுக்கு அது மிகப் பொருந்தும். கடையில் எதுவும் வாங்காதவரும் உட்காரலாம் என்பது அவற்றின் நிபந்தனை. இந்தக் கையேட்டில் உள்ளதோ வாடிக்கையாளருக்கு மட்டும். திண்ணை என்று பெயரிட்டுவிட்டு ஒருவரை எழுப்பி அனுப்புவது சண்டையை வரவழைக்கும். தவிர, திண்ணை வீட்டுக்காரரின் நிலம், இது ஊரின் நிலம். நான் முதல் நாள் சொன்ன அதே இடத்தில் இடறுகிறது.

வே. எழுதியது, வியாழன் காலை:

சொல்லுக்குள் சட்டம் முழுவதையும் திணிக்கப் பார்க்கிறீர்கள். நாற்காலி காரணப்பெயர் என்று பள்ளியில் படித்தோம். மேசைக்கும் நான்கு கால், கட்டிலுக்கும் நான்கு கால், பசுவுக்கும் நான்கு கால். யாராவது குழம்பினார்களா? கையேட்டிலேயே 'சக்கர நாற்காலி செல்ல வழி விடுக' என்று வருகிறதாம். சக்கரம் வந்த பிறகு கால் எங்கே? பெயர் வெறும் கைகாட்டி, ஐயா. விதியை விதி சொல்லிக்கொள்ளும்.

இ. எழுதியது, வியாழன் காலை:

நாங்கள் கதிரை என்போம். போர்த்துக்கேயர் தந்தது. பக்கத்தில் நிற்கும் மேசையும் அவர்கள் தந்ததுதான். புலவர் ஐயா அதைச் சொல்லாமல் விட்டது வியப்பு.

பு. எழுதியது, வியாழன் காலை:

சொல்லாமல் விட்டது பொறுமையால்.

க. எழுதியது, வியாழன் மாலை:

சக்கர நாற்காலி பற்றி வே. சொன்னதால் ஐந்தாம் பக்கத்தை மறுபடி படித்தேன். மேசைகளுக்கும் சாலை விளிம்புக்கும் நடுவே நடப்பவருக்காக விட வேண்டிய அகலத்துக்கு முன்னவர் 'தெளிவான பாதை' என்று எழுதியிருந்தார். நான்கு நாளாக அது என் கண்ணில் படவே இல்லை. மேசை போட்டது போக 36 அங்குலமாவது இல்லாவிட்டால் சக்கர நாற்காலி சிரமமின்றிப் போக முடியாது. 'தெளிவான பாதை' என்று படிப்பவர் விளக்கு மாட்டிவிட்டுத் திருப்தி அடைவார். 'தடையற்ற நடைவழி' என்று மாற்றிவிட்டேன். இதற்கு மட்டும் யாரும் விவாதிக்க வேண்டாம், தயவுசெய்து.

மற்றவை இப்படிப் போகின்றன. நடைபாதை இருக்கைப் பகுதி. திறந்தவெளி இருக்கைப் பகுதி. மனை நிறுத்துமிடம், தெருவோர நிறுத்துமிடம். இ. கேட்டபடி, முதன்முறை வரும் இடத்தில் 'தரிப்பிடம்' என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். பார்க்லெட்டுக்குச் 'சாலையோர இருக்கைத் தளம்'. அழகில்லை, தெரியும். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ஏழு பேர் சரி என்கிறீர்கள், அதில் மூவர் 'எதையாவது போட்டு முடியுங்கள்' என்று.

வே. எழுதியது, வியாழன் இரவு:

என் வாக்கு திண்ணைக்குத்தான். பதிவு செய்துகொள்ளுங்கள்.

ந. எழுதியது, வெள்ளி காலை:

'மனை நிறுத்துமிடம்' என்பதில் ஒரு சிறு அச்சம். மனையையே நிறுத்தும் இடம் என்று யாராவது விரித்துவிடுவார்களோ? 'மனைக்குள் நிறுத்துமிடம்' என்றால் தப்பித்தோம்.

க. எழுதியது, வெள்ளி மதியம்:

மாற்றிவிட்டேன். கோப்பு போகிறது.

பு. எழுதியது, வெள்ளி மாலை:

கோப்பைப் பார்த்தேன். முன்றில் இல்லை, குறுங்கா இல்லை, ஊர்தியும் இல்லை. வருந்தவில்லை. என் பெயரை நன்றியுரையில் சேர்க்க வேண்டாம், அவ்வளவுதான். ஒன்பதாம் பக்கம் மூன்றாம் வரியில் 'இருக்கை தளம்' என்று ஒற்று மிகாமல் நிற்கிறது. அனுப்பியாகிவிட்டது என்றால் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.