புனிதர்களின் திருநாள் இறந்த நாளில் ஏன்?

கேள்வி: கோவை புளியகுளம் அந்தோணியார் கோயிலில் திருவிழாத் திருப்பலி முடிந்து திரும்பும்போது, கையில் மெழுகுவத்தியோடு எங்கள் அம்மிணி, "இது அவர் பிறந்த நாளா அப்பா?" என்று கேட்டாள். ஜூன் 13 அவர் இறந்த நாள் என்றேன். அதை ஏன் கொண்டாடுகிறோம் என்று விளக்கத் தெரியவில்லை.

பதில்: இறப்பை விண்ணகப் பிறப்பாகவே திருச்சபை கருதுகிறதுங்க. அந்தோணியார் 1231இல் பதுவை நகருக்கு அருகில் இறந்து, ஓராண்டு நிறைவதற்குள் புனிதராக அறிவிக்கப்பட்டார். புனிதர்களில் மண்ணுலகப் பிறப்புக்கும் விழா இருப்பது மாதாவுக்கும் (செப்டம்பர் 8) திருமுழுக்கு யோவானுக்கும் (ஜூன் 24) மட்டுமே.

பதில்: அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இயேசுவின் சீடரான தோமையாரின் திருநாளான ஜூலை 3, அவருடைய திருப்பண்டங்கள் (உடலின் எச்சங்கள்) இன்றைய துருக்கியிலுள்ள எதேசா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதை நினைவுகூரும் நாள். நம் தமிழ் மண்ணின் மறைசாட்சியான புனித தேவசகாயமோ 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் திருநாளான அந்நாள் பொங்கலை ஒட்டியே வருவதால், வாசலில் பானை பொங்கியதும் முதல் கரண்டியை அவர் படத்தின் முன் வைக்கிறோம்.

கேட்டவர்: மிக்க நன்றிங்க. இன்றிரவே அம்மிணியிடம் சொல்கிறேன்.