அம்மா தனியாக இருக்கும் வீட்டில் சென்சார்: வேவு பார்ப்பது போல இல்லாமல் வைக்க முடியுமா?

சாரல் (கேள்வி)

அம்மாவுக்கு 74 வயது. தென்காசியில் தாத்தா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் தாம்பரத்தில். போன ஆடியில் சாரல் பிடித்திருந்த ஒரு நாள், புறவாசல் படியில் பாசி வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு தப்பியது, மணிக்கட்டு முறிந்தது. எதிர்வீட்டு மதினி கறிவேப்பிலை பறிக்க வந்து பார்க்கும்வரை ஒன்றரை மணி நேரம் ஈரத்திலேயே கிடந்திருக்கிறாள். அந்த நேரம் முழுக்க நான் ஆபீஸில் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் அது மனதை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு மூன்று பொருள் வாங்கினேன். மூன்றும் சரிப்படவில்லை.

முதலில் பட்டாசலில், அதாவது கூடத்தில், ஒரு கேமரா. மாட்டின மறுநாளே அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள். கேட்டதற்கு, "ஏட்டி, அது கண்ண முழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கு, அதுக்கு முன்னால ஒரு பொம்பள எப்பிடி இருக்கதுக்கு?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்தது, விழுந்தால் தகவல் அனுப்பும் கைக்கடிகாரம். தினமும் சார்ஜ் போட வேண்டும். குளிக்கப் போகும்போது கழற்றி வைப்பாள். வழுக்குகிற இடமே அதுதான். இப்போது அது பீரோவில் வளையல் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

மூன்றாவது, ஆள் வந்தால் தானே எரியும் லைட். இதில்தான் எனக்கு ரொம்ப வருத்தம். குளியலறையில் மாட்டச் சொன்னேன். நான் ஊருக்குப் போயிருந்த ஒரு விடியற்காலை, உள்ளேயிருந்து "லைட்ட ஏன்ட்டி அணைச்ச?" என்று குரல். நான் அணைக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, முகத்தில் சோப்போடு சற்று நேரம் அசையாமல் இருந்திருக்கிறாள். ஆள் இல்லை என்று லைட் தானாக அணைந்துவிட்டது. பழைய சுவிட்சையோ எலெக்ட்ரீஷியன் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார். கண்ணைத் திறக்க முடியாமல், முறிந்து கூடின கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டி ஆட்டி அந்த லைட்டை எரிய வைத்தாள், வழுக்குகிற தரையில் நின்றுகொண்டு. அவள் விழாமல் இருப்பதற்கென்று நான் வாங்கிப் போட்ட பொருள் அது.

கேள்வி இதுதான். உடம்பில் எதையும் மாட்டிக்கொள்ளாமல், எந்தக் கருவிக்கும் கட்டளை சொல்லாமல், அவள் பாட்டுக்கு அவள் வேலையைப் பார்க்க, வீடு அவளுக்கு ஒத்தாசையாக இருக்க வழி உண்டா? வைஃபையும் இன்வெர்ட்டரும் இருக்கின்றன. சாரல் காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும்.

கதிர்_மதுரை

சகோதரி, முதலில் அந்தச் சுவிட்சைத் திரும்ப மாட்டுங்கள். இன்றைக்கே. எந்தத் தானியங்கி லைட் போட்டாலும் கையால் போடுகிற சுவிட்ச், அது எப்போதும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஐம்பது வருடமாக இருட்டிலும் கை தானாகப் போகிற இடம் அது.

அந்த லைட்டில் இருப்பது பி.ஐ.ஆர். சென்சார். முன்னால் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ் ஒரு லென்ஸ், இடத்தைக் கூறு கூறாகப் பிரிக்கும். உடம்புச் சூடு ஒரு கூறிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தால்தான் அதற்குத் தெரியும். அசையாமல் உட்கார்ந்தால் அதைப் பொறுத்தவரை ஆளே இல்லை. சித்திரை வெயிலில் சுவரும் உடம்பும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்கு வரும்போது நடப்பவரைக்கூடத் தவறவிடும். நடைவழிக்கு அது போதும். முழங்கால் உயரத்தில், ஆள் குறுக்கே கடந்து போகிற மாதிரி வையுங்கள். நேரே எதிரில் நடந்து வந்தால் சட்டென்று பிடிக்காது.

குளியலறைக்கு எல்.டி.2410 மாதிரி 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சார் போடலாம். விலை குறைவுதான். மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குகிற அந்தச் சின்ன அசைவையே அது பிடித்துவிடும், அதனால் உட்கார்ந்திருப்பவர் மேல் லைட்டை அணைக்காது. படம் எதுவும் எடுக்காது. தண்ணீர் தெறிக்காத பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடினாலும் வேலை செய்யும்.

அப்புறம், புறவாசல் படி. அங்கே சென்சார் வேண்டாம். சொரசொரப்பான டைல்ஸும் ஒரு கைப்பிடிக் குழாயும் போடுங்கள். ஒரு ஒயர்லெஸ் காலிங் பெல் வாங்கி, பொத்தானைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கீழே கிடந்தாலும் எட்டுகிற மாதிரி ஒட்டுங்கள். மணியை எதிர்வீட்டு மதினி வீட்டில் வையுங்கள். இதற்கு வைஃபையே வேண்டாம். அங்கே மணி அடிக்கிறதா என்று மட்டும் முதலில் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

வான்மதி

நான் இந்தத் துறையில் படித்தவள், அதனால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் (PARC) ஆய்வகத்தில் இருந்த மார்க் வைசர், 1991-லேயே சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இதைப் பற்றி எழுதினார்: கணினி நம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்காமல், வீட்டோடு வீடாகக் கலந்துவிட வேண்டும் என்று. அதே இடத்தில் நடாலி ஜெரிமிஜென்கோ என்ற கலைஞர் கூரையில் ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்தி, அதிலிருந்து எட்டடிப் பிளாஸ்டிக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டார். நெட்வொர்க்கில் போக்குவரத்து கூடினால் கயிறு சத்தத்தோடு சுழலும், அடங்கினால் சில நொடிக்கு ஒரு தடவை லேசாகத் துள்ளும். யாரும் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் உரல் சத்தம் கேட்டால், அவர்கள் எழுந்துவிட்டார்கள் என்று நமக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

உங்கள் விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமானது ஜப்பானில் சோஜிருஷி கம்பெனி 2001-ல் கொண்டுவந்த ஐ-பாட் (i-Pot). வெந்நீர் கெட்டில்தான். வயதானவர் டீக்கு வெந்நீர் எடுக்கும்போதெல்லாம் அது குறித்துக்கொள்ளும். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு, இன்றைக்கு எப்போதெல்லாம் தண்ணீர் எடுத்தார் என்று மின்னஞ்சல் போகும். அவர் புதிதாக எதையும் கற்க வேண்டாம். டீ குடித்தால் போதும்.

அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கில் எலிசபெத் மைனட்டும் அவர் குழுவும் செய்த ஒன்றும் உண்டு. பாட்டியின் புகைப்படம், சுற்றிலும் சட்டம், சட்டத்தில் 28 நாளுக்கு 28 பட்டாம்பூச்சி. பாட்டி அதிகம் நடமாடிய நாளின் பூச்சி பெரிது, குறைவாக நடமாடிய நாளுடையது சிறிது. பார்த்ததும் தெரிவது அவ்வளவுதான்.

உங்கள் அம்மா காலையில் தவறாமல் செய்கிற ஒன்று என்ன? அதைத் தேடுங்கள். அது போதும்.

ராஜாமணி_71

இந்த விஷயத்தில் நான் உங்கள் அம்மாவின் பக்கம், மகளே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பையன் பெங்களூரில் இருக்கிறான். என் வீட்டிலும் கேமரா இருந்தது, நானும் மூடினேன். கோபத்தினால் இல்லை. அவன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்க முடியவில்லை, அதுதான்.

எங்கள் காலத்தில் வெளியூர் போனவன் போய்ச் சேர்ந்ததும் போன் போட்டு, மூன்று ரிங் விட்டு வைத்துவிடுவான். எடுக்காத அழைப்புக்குக் காசு கிடையாது. இங்கே அவன் அம்மா அந்த மூன்று ரிங்கை எண்ணிவிட்டுப் படுக்கப் போவாள். அதில் ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் எல்லாம் இருந்தது.

அம்மாவிடம் போய், "உனக்கு என்ன தெரியணும்?" என்று ஒரு தடவை கேளுங்கள். இதுவரை எழுதியதில், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது மட்டுமே இருக்கிறது.

சாரல்

ராஜாமணி ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அன்றிரவே அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "நீ ராத்திரி பத்து மணிக்கு அந்த ரோட்டுல வாற. வந்து சேந்துட்டியான்னு எனக்கு எந்த விளக்குட்டி சொல்லும்?"

நான் சோழிங்கநல்லூரிலிருந்து வீட்டுக்கு வர ஒன்பதரை, பத்து ஆகும். வந்ததும் போன் பண்ணுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அசதியில் பாதி நாள் மறந்துவிடுவேன். நான் மறந்த நாளெல்லாம் அவள் பட்டாசலில் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

போன வாரம் லீவு போட்டுப் போய்ச் செய்தது இது. குளியலறைச் சுவிட்சை மாட்டியாயிற்று. அடுக்களையிலிருந்து புறவாசல் வரை, சுவரின் அடியில் மஞ்சள் வெளிச்சமாக மூன்று சின்ன லைட், முழங்கால் உயரத்தில் சென்சார். படிக்குக் கைப்பிடி. மதினி வீட்டில் மணி.

வான்மதி கேட்ட அந்த ஒன்று, வாசல் தெளிப்பது. ஐந்தேகாலுக்குள் தலைவாசல் கதவைத் திறந்துவிடுவாள், காய்ச்சல் என்றாலும். கதவில் காந்தம் வைத்த சின்ன சென்சார் ஒட்டியிருக்கிறேன். ஆறரை வரை கதவு திறக்காவிட்டால் முதலில் மதினிக்குச் செய்தி போகும், பிறகுதான் எனக்கு. கணக்கெல்லாம் வீட்டிலேயே ராஸ்பெர்ரி பை (Raspberry Pi) என்ற குட்டிக் கணினியில் இருக்கிறது, வெளியே எதுவும் சேமிப்பதில்லை. இதை ஒட்டுவதற்கு முன் அவளிடம் காட்டி, "இது கதவைத்தான் பார்க்கும், உன்னை இல்லை" என்றேன். கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

அவளுக்கு: சாமி மாடத்துக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு. என் போன் தாம்பரம் வீட்டு வைஃபையில் சேர்ந்ததும் அங்கே எரியும்.

கதிர்_மதுரை

நல்லது. ஒன்றே ஒன்று கவனியுங்கள். விளக்கு எரியாவிட்டால் என்ன அர்த்தம்? நீங்கள் வரவில்லை என்பதா, இல்லை நெட் போய்விட்டது என்பதா? அம்மாவுக்கு இரண்டும் ஒரே இருட்டுதான். தொடர்பு அறுந்திருந்தால் வேறு நிறத்தில், மங்கலாக எரியும்படி வையுங்கள். கதவு சென்சாருக்கும் அதே கேள்வி உண்டு. தகவல் வராததைக் "கதவு திறக்கவில்லை" என்று கணினி எடுத்துக்கொள்ளக் கூடாது. கரண்ட் போய் வந்த மறுநாள் மதினி பதறிக்கொண்டு ஓடி வருவார்; நாலு தடவை அப்படி ஆனால் ஐந்தாவது தடவை வர மாட்டார்.

சாரல்

இரண்டையும் மாற்றிவிட்டேன், கதிர். நெட் இல்லாவிட்டால் மங்கின நீலம். சிவப்பு வேண்டாம் என்று அம்மா முன்பே சொல்லிவிட்டாள்.

ஆனால் விளக்கையே அவள் மாற்றச் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை என் போனைத் தம்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு முன்னால் போய்விட்டான், நான் கடையில் நின்றேன். அங்கே விளக்கு எரிந்திருக்கிறது. பிற்பாடு பேசும்போது இது தெரிந்ததும் சொன்னாள்: "அது தானா எரிஞ்சா உன் போன் வந்துட்டுன்னுதான் அர்த்தம். நீ போட்டாத்தாம்ட்டி நீ வந்துட்டன்னு அர்த்தம்."

அதனால் இப்போது செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஒரு பொத்தான். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் நான் கையால் அழுத்துகிறேன். அங்கே விளக்கு எரிகிறது. நேற்று முதல் அவள் பக்கமும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன், அவளே கேட்டாள். படுக்கப் போகும்போது அழுத்துகிறாள், இங்கே என் மேஜையில் ஒன்று எரிகிறது. நேற்று ராத்திரி 10.08.

இந்தப் பொத்தான்களில் இருப்பது காசு மாதிரி வட்டப் பேட்டரி. தீர்ந்துபோவதற்கு முன்னால் சொல்ல வழி இருக்கிறதா, கதிர்?

கதிர்_மதுரை

இருக்கிறது. வீட்டுச் சென்சார்களைக் கவனிக்கிற ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளில் பேட்டரி அளவைக் காட்டும், 20 சதவீதத்துக்குக் கீழே போனால் உங்களுக்குச் செய்தி வரும்படி வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு அந்தச் செய்தி போக வேண்டாம். ஒரு ஜோடி பேட்டரியை இப்போதே வாங்கி, அந்த வளையல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.